சூடு பட்ட கருவி: சிறு விமானப் பேனலில் பழுதைத் தேடிப் பிடிக்கும் முறை

கத்திரி வெயில் காலத்தில் பாளையங்கோட்டைப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும். அந்த நேரத்தில் வாகைக்குளம் மாதிரி ஒரு வெட்டவெளியில், மேலே கூரை இல்லாமல், ஒரு செஸ்னா 172 நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கேபினுக்குள் காற்று 60, 65 டிகிரிக்குப் போய்விடும். முன்கண்ணாடியை ஒட்டிய கறுப்பு கிளேர்ஷீல்டின், அதாவது பேனலின் மேல்மூடியின், மேற்பரப்பு 80ஐத் தொடும். அதற்கு ஒரு சாண் கீழேதான் கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

விமானக் கருவிகளை எந்தச் சூழலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டிஓ-160 என்ற தரநிலை சொல்கிறது. அதில் ஏ1 என்ற வகைக்கு உள்ள அளவுகள் இவை: ஓடும்போது 55 டிகிரி, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 70, அணைந்து கிடக்கும்போது தாக்குப்பிடிக்க 85. அதாவது மின்சாரம் இல்லாமல் சும்மா நிற்கும் கருவிக்கு இந்த வெயில் பெரிய விஷயமில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, உட்கார்ந்த கையோடு மாஸ்டர் சுவிட்சைப் போடுகிறோமே, அங்கேதான் வினை. 65 டிகிரியில் வெந்து கிடக்கும் பெட்டிக்குள் அதன் சொந்தச் சூடும் சேர்கிறது. நிற்பதால் கெட்ட கருவியைவிட இப்படிக் கெட்டதுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆனாலும் ஒன்று. நம் ஊரில் எது கெட்டாலும் வெயில் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். விலை அதிகமான கருவியைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். அடுத்த வாரம் அதுவும் அதே மாதிரி படுத்துக்கொள்ளும். ஏனென்றால் சூடு வந்தது வெயிலிலிருந்தே இல்லை. பேனலுக்குப் பின்னால் காற்று நின்றுபோயிருக்கும், அல்லது ஒரு முனை தளர்ந்து தானே கொதித்துக்கொண்டிருக்கும், அல்லது கருவி நன்றாக இருக்க, என்ஜின் பக்கத்து சென்சார் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் ‘சூடு பட்டதா’ என்பதோடு நிறுத்தாமல் ‘எந்தச் சூடு’ என்று தேட வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் ஓர் எல்லைக்கோடு. பார்ப்பது, முகர்வது, கேட்பது, குறித்துக்கொள்வது எல்லாம் மாணவரும் உரிமையாளரும் செய்யலாம். பேனலைக் கழற்றி அளப்பது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் வேலை; ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகள் என்றால் பி2 உரிமம். கருவியின் உறையைத் திறப்பதோ, அதற்கென டிஜிசிஏவின் (விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின்) கார்-145 என்ற பராமரிப்பு விதிப்படி அங்கீகாரம் உள்ள பட்டறைக்கு மட்டும். ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கிறது என்பதற்காகத் திறந்துவிடாதீர்கள்.

முதலில் வாயால் கேளுங்கள்

பழுதைச் சொல்ல வருகிறவர் பாதியைத்தான் சொல்வார். மீதியை நாம்தான் கறக்க வேண்டும். எப்போது தெரிந்தது, விமானம் எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றது, சுவிட்ச் போட்டதுமே தெரிந்ததா அல்லது பத்து நிமிடம் கழித்தா, பறக்கும்போது மேலே குளிர்ந்ததும் சரியானதா, மறுநாள் காலையில் எப்படி இருந்தது?

இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். சூட்டில் கெட்டு, குளிர்ந்ததும் தானே சரியாகிவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: விரிசல் விட்ட ஈயப்பற்று, தளர்ந்த கனெக்டர், அல்லது தன் எல்லையைத் தாண்டியதால் தற்காலிகமாக ஓய்ந்த திரை. குளிர்ந்த பின்னும் அப்படியே இருந்தால் ஏதோ ஒன்று நிரந்தரமாக வெந்திருக்கிறது. காலையில் மோசமாக இருந்து, சூடேற ஏறச் சரியாகிறது என்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் திரவம் வற்றிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் குளிரில்தான் அதிகம் தடுமாறும்.

சில சமயம் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும்.

“அண்ணாச்சி, ஸ்க்ரீன் மொத்தமும் இருட்டிப்போச்சு. வெயில்ல அடிச்சிட்டு போலிருக்கு.”

“கூலிங் கிளாஸைக் கழட்டிட்டுப் பாரு தம்பி.”

போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு எல்சிடி திரையைப் பார்த்தால், கோணத்தைப் பொறுத்துத் திரை கறுப்பாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் வெளிச்சம் திரும்ப வரும். சிரிப்பாக இருந்தாலும், மற்ற எதையும் தொடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணும் மூக்கும்

மின்சாரம் இல்லாமல், நல்ல டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தடம் எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை.

வெயில் மேலிருந்தும் முன்னிருந்தும் வரும். அதன் தடம் டயலின் முகத்தில், பேனலின் மேல் விளிம்பில் இருக்கும்: எழுத்து வெளிறியிருக்கும், பழைய செஸ்னாக்களில் பேனல் மேல் மூடும் ராயலைட் பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகி ஸ்க்ரூ துளையிலிருந்து வெடித்திருக்கும். கீழ் வரிசைக் கருவிகள் புதிதாக இருக்க, மேல் வரிசை மட்டும் கிழடு தட்டியிருந்தால் அது வெயில்தான்.

நின்றுபோன காற்றின் சூடு பின்பக்கத்தில் தெரியும். ரேடியோக்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் மேலே உள்ள பெட்டிதான் முதலில் அடிவாங்கும், ஏனென்றால் கீழே உள்ளவற்றின் சூடெல்லாம் மேலே போய்த் தேங்கும். சொந்தச் சூடு என்றால் தடம் சிறியது, ஒரே புள்ளியில் இருக்கும்: ஒரு டெர்மினல் மட்டும் பழுப்பேறி, அதன் வயர் உறை ஒரு விரற்கடை தூரத்துக்கு இறுகி மினுங்கும். நகத்தால் அழுத்தினால் குழியாமல் வெடிக்கும்.

எல்சிடி திரையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திரவப் படிகம் ஓர் எல்லைக்கு மேல் சூடானால் தன் ஒழுங்கை இழக்கும். திரை முழுக்கக் கருத்தோ வெளிறியோ போகும், குளிர்ந்ததும் திரும்பி வரும். இதைப் பழுது என்று எழுதாதீர்கள், எச்சரிக்கை என்று எழுதுங்கள். ஆனால் ஓரத்திலிருந்து உள்ளே பரவும் மஞ்சள் பழுப்புக் கறை, மூலையில் சின்னச் சின்னக் கொப்புளம், படலம் உரிந்து நிற்கும் விளிம்பு, இவை போலரைசர் படலம் வெந்ததன் அடையாளம். எவ்வளவு குளிர வைத்தாலும் திரும்பாது. திரையை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் கொப்புளம் நன்றாகத் தெரியும். நேராக அடித்தால் தெரியாது.

தூத்துக்குடிப் பக்கம் நிற்கும் விமானத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. உப்பளக் காற்று பட்ட கனெக்டரும் நிறம் மாறித்தான் இருக்கும். செம்பு மேல் பச்சை, அலுமினியம் மேல் வெள்ளைப் பொடி என்றால் அது உப்பு. பழுப்பு, கறுப்பு, நீலம் ஓடிய நிறம் என்றால் சூடு. இரண்டும் சேர்ந்தே இருந்தால் முதலில் உப்பு வந்திருக்கும்: உப்பு அரித்த முனையில் தடை கூடும், தடை கூடினால் சூடேறும்.

சூட்டை அளந்து பிடியுங்கள்

ஊகத்தில் நிற்காமல் எண் ஒன்றைப் பிடிக்க வேண்டும். இதற்கு நான் அதிகம் நம்புவது ஒட்டு வெப்ப லேபிளை. குறித்த வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் கட்டம் கறுத்துவிடும், பிறகு திரும்பாது. 60, 65, 70 என்று கட்டம் உள்ளதை வாங்கி, சந்தேகக் கருவியின் உறை முதுகில் ஒன்று, பக்கத்துக் கருவியில் ஒன்று, கிளேர்ஷீல்டின் அடியில் ஒன்று என்று ஒட்டி, ஒரு வாரம் வழக்கம்போல் பறக்க விடுங்கள். கிளேர்ஷீல்டு லேபிள் மட்டும் கறுத்தால் வெயில். கருவி முதுகு மட்டும் கறுத்தால் உள்ளேயிருந்து வரும் சூடு. எல்லாமே கறுத்தால் காற்றோட்டம். நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்ததையும் அது பதிவு செய்து வைத்திருக்கும் என்பதுதான் அதன் அருமை.

அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைவாகக் காட்டும்; கண்ணாடி வழியாக அளந்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது சூடேறும் வரை பொறுத்து, அதன் மேல் அளந்தால் நம்பலாம்.

கண்ணாடி காக்பிட் உள்ள விமானம் என்றால் கருவியே வாய் திறந்து சொல்லும். கார்மின் ஜி1000 என்ற கருவித் தொகுப்பின் திரை சூடேறினால் ‘பிஎஃப்டி1 கூலிங்’ என்று செய்தி காட்டி, மின் பயன்பாட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். திரை மங்குகிறது என்று புகார் வந்தால், முதலில் அந்தச் செய்தி வந்ததா என்று கேளுங்கள்.

காற்று போகிறதா

பேனலுக்குப் பின்னால் உள்ள கூலிங் ஃபேன் சத்தமில்லாமல் செத்துப்போகும். என்ஜின் ஓசையில் யாருக்கும் தெரியாது. தரையில், என்ஜின் நிறுத்தியபடி, மாஸ்டரும் ஏவியானிக்ஸ் சுவிட்சும் போட்டுக் காதைக் கொடுங்கள். ஃபேன் ஓடினாலும் போதாது. அங்கிருந்து ரேடியோவுக்குப் போகும் குழாய் கழன்றோ நசுங்கியோ இருக்கலாம். குழாய் முனையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் காற்று வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, கயத்தாறு காற்றாலைகளுக்கு வரம், நமக்குத் தொல்லை. தேரி மண்ணின் செந்தூள் எல்லா வலையிலும் அப்பிக்கொள்ளும். வெளிக்காற்றுத் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். வேகம் அளக்கும் பிட்டோ குழாயில் கட்டினால் உடனே கவனிப்போம், வென்ட் குழாயில் கட்டினால் வருடக்கணக்கில் கவனிக்கமாட்டோம்.

அப்புறம் கேபின் ஹீட் வால்வு. நம் ஊரில் யாரும் அதைத் தொடுவதில்லை. அதனாலேயே கேபிள் இறுகி, வால்வு பாதி திறந்தபடி கிடக்கும். சைலன்சரைச் சுற்றிய கவசத்திலிருந்து வரும் சூடான காற்று பேனலுக்குக் கீழே கசிந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டால் கருவியை மறந்துவிட்டு அந்தக் கவசத்தையும் சைலன்சரையும் உடனே சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே விரிசல் இருந்தால் கேபினுக்குள் வருவது சூடு மட்டுமில்லை, கார்பன் மோனாக்சைடும்தான்.

மின்சாரப் பக்கம்

பஸ், அதாவது எல்லாக் கருவிக்கும் மின்சாரம் பிரியும் பொதுக் கம்பி, அதன் மின்னழுத்தத்தை என்ஜின் ஓடும்போது பாருங்கள். 28 வோல்ட் அமைப்பில் 30ஐத் தாண்டினாலோ, 14 வோல்ட் அமைப்பில் 15ஐத் தாண்டினாலோ ரெகுலேட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து எர்த். எல்லா லோடும் போட்டுவிட்டு, கருவியின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எரிபொருள் அளவுமானியும் எண்ணெய் வெப்பமானியும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தப்பு காட்டினால், இரண்டும் ஒன்றாக வெந்தன என்று நம்பாதீர்கள்; இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒன்று கெட்டிருக்கும்.

கருவிவாரியாக

எலக்ட்ரானிக் பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பட்டறைகளில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. மேல்மூடி புடைத்திருப்பதைப் பட்டறையில் திறந்தால்தான் பார்க்க முடியும்.

காந்தக் காம்பஸ்தான் சூட்டுக்கு முதல் பலி, ஏனென்றால் அது வெயில் நேரே விழும் இடத்தில், மண்ணெண்ணெய் போன்ற திரவத்தில் மிதக்கிறது. சூட்டில் திரவம் விரியும். அதற்கு இடம் கொடுக்க ஒரு டயஃப்ரம் உண்டு. அது வெடித்தால் மதியம் திரவம் கசியும், இரவில் சுருங்கியதும் குமிழி விழும். ஆகவே காம்பஸை மதியம் பார்க்காதீர்கள். விரிந்த திரவம் குமிழியை மறைத்துவிடும். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். கீழே கிளேர்ஷீல்டில் எண்ணெய்த் தடம், மண்ணெண்ணெய் வாடை, திரவம் தேநீர் நிறத்துக்கு மாறியிருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். சந்தேகம் தீரவில்லையென்றால் சின்னக் காந்தம் ஒன்றை அருகே கொண்டுபோய் அட்டையைக் கொஞ்சம் திருப்பிவிட்டு எடுங்கள். இரண்டு மூன்று டிகிரிக்குள் பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டு நின்றால் முனையில் உராய்வு.

இங்கே நெல்லைக்கே உரிய ஒரு நுணுக்கம். காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் தன் நிலநடுக்கோட்டு ஆய்வகத்தைத் திருநெல்வேலியில் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே காந்தப் புலம் ஏறக்குறையப் படுக்கையாகவே இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பாவில் வடமுனை கீழே இழுபடுவதைச் சமன் செய்யத் தென்பக்கம் எடை வைத்த காம்பஸ் இங்கு வந்தால் அட்டை சற்றே தெற்குப் பக்கம் சாயலாம். அது சூட்டுப் பழுது இல்லை. புதிதாக மாட்டிய நாளிலிருந்தே அப்படியா, இப்போதுதான் சாய்ந்ததா என்று பழைய படம் இருந்தால் ஒப்பிடுங்கள். காம்பஸை மாற்றினால் ஸ்விங் செய்து, அதாவது விமானத்தைத் திசை திசையாகத் திருப்பிப் பிழையைக் குறித்து, புதிய திருத்த அட்டை எழுத வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெற்றிட கைரோக்களில், அதாவது பம்பு உறிஞ்சும் காற்றால் உள்ளே சக்கரம் சுழலும் கருவிகளில், சூடு பேரிங் எண்ணெயை உலர்த்தும். ஆனால் முதலில் சக்‌ஷன் மீட்டரைப் பாருங்கள். செஸ்னா 172எஸ் போன்றவற்றில் 4.5 முதல் 5.5 அங்குலப் பாதரசம் இருக்க வேண்டும். அது குறைவாக இருந்தால் பம்போ, தூசி அடைத்த ஃபில்ட்டரோ காரணம், கைரோ பாவம். சக்‌ஷன் சரியாக இருந்தால், என்ஜினை நிறுத்திய பின் பேனல் அருகே காதை வையுங்கள். நல்ல கைரோ பல நிமிடங்கள் மெல்லிய ஒரே சீரான ஒலியோடு ஓய்ந்து வரும். உலர்ந்த பேரிங் கரகரக்கும், சீக்கிரம் நின்றுவிடும். திசை கைரோவின் விலகலையும் கணக்கிடலாம். பூமி சுழல்வதால் வரும் விலகல் அட்சரேகையைப் பொறுத்தது, நம் 8.7 டிகிரி அட்சரேகையில் மணிக்கு இரண்டு டிகிரியைச் சற்றே தாண்டும், டெல்லியில் ஏழுக்கு மேல். கருவியில் அட்சரேகைத் திருத்தம் இல்லையென்றால், இங்கே கால் மணி நேரத்தில் ஐந்தாறு டிகிரி ஓடும் கைரோவுக்குப் பூமியைச் சாக்காகச் சொல்ல முடியாது.

ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) உறையின் ரப்பர் வளையமும் பின்னாலுள்ள குழாய்களும்தான் சூட்டில் இறுகும். கியூஎன்ஹெச், அதாவது அப்போதைய கடல்மட்டக் காற்றழுத்தம், வைத்தால் விமானதள உயரத்திலிருந்து 75 அடிக்குள் காட்ட வேண்டும். கசிவுச் சோதனையில், 1,000 அடி கூடுதலாகக் காட்டும்படி உறிஞ்சி அடைத்தால், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. இதற்குரிய சோதனைப் பெட்டியால்தான் செய்ய வேண்டும். வெளிக்காற்றழுத்தம் எடுக்கும் ஸ்டாட்டிக் துளையில் வாயை வைத்து உறிஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பக்கத்து ஏர்ஸ்பீடு மீட்டரும், ஏறி இறங்கும் வேகம் காட்டும் விஎஸ்ஐயும் சேர்ந்து போய்விடும்.

என்ஜின் வெப்ப மீட்டர்கள் தனி உலகம். சிலிண்டர் சூடு அதிகம் காட்டினால் முதல் கேள்வி, ‘மீட்டர் கெட்டதா’ என்பதில்லை; என்ஜின் உண்மையிலேயே கொதிக்கிறதா என்பது. அதைத் தீர்க்காமல் மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. ஓர் இரவு முழுக்க ஆறிய விமானத்தில், டிஜிட்டல் மீட்டர் எல்லாச் சிலிண்டருக்கும் வெளிவெப்பத்தையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால், அதன் புரோபை (சூட்டை உணரும் முனையை) அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். புரோபையே சோதிக்க வேண்டுமென்றால் கொதிக்கும் தண்ணீர் போதும். கடல்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் நம் ஊரில் அது 100 டிகிரிதான். அறை 35 டிகிரி என்றால், மல்டிமீட்டரில் கே வகைத் தெர்மோகப்புள் (புரோபில் உள்ள இரட்டை உலோகக் கம்பி) சுமார் 2.7 மில்லிவோல்ட்டும், ஜே வகை சுமார் 3.5 மில்லிவோல்ட்டும் காட்டும்.

இதில் ஒரு திருட்டுப் பழுது உண்டு. அறுந்த தெர்மோகப்புள் வயரைச் சாதாரணச் செம்பு வயரால் யாராவது ஒட்டுப்போட்டிருப்பார்கள். காலையில் எல்லாம் சரியாகக் காட்டும். என்ஜின் அறை சூடேற ஏற, ஒட்டுப்போட்ட இடமும் சூடாகி, மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சூட்டில் மட்டும் வரும் பழுது என்பதால் மீட்டர் வெந்துவிட்டது என்றே தோன்றும். மஞ்சள்-சிவப்பு அல்லது வெள்ளை-சிவப்பு ஜோடி வயரை ஃபயர்வால் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) வரை கையால் தடவிக்கொண்டே போனால் ஒட்டு தட்டுப்படும்.

கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க் கால ஓடுதளம் உண்டு. அந்தக் கால டயல் எதுவும் பழைய இரும்புக் கடையில் கண்ணில் பட்டால், பழுப்பேறிய எண்களைப் பார்த்து வெயிலில் வெந்தது என்று சுரண்டிவிடாதீர்கள். அது ரேடியம் பூச்சாக இருக்கலாம். கண்ணாடியைத் திறக்காமல் வைத்துவிடுவதே நல்லது.

உறுதிப்படுத்துவது

ஒரே மாதிரிக் கருவி இரண்டு இருந்தால் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். பழுது கருவியோடு போனால் கருவி, இடத்திலேயே நின்றால் வயரும் காற்றும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் சூட்டைத் திரும்ப வரவழைக்க வேண்டும். வெயிலில் நிறுத்தி, சூடு 55க்கு மேல் போகாமல் வெப்பமானியால் அளந்து பார்த்துக்கொண்டு இயக்குங்கள். பழுது வந்ததும் கதவைத் திறந்து மேஜை மின்விசிறியால் ஊதுங்கள். இரண்டு முறை வந்து இரண்டு முறை போனால் நம்பலாம். ஹீட் கன் கொண்டு ஊதினால் இல்லாத பழுதையும் உண்டாக்கிவிடும்.

காரணம் வெயில்தான் என்று முடிவானால், மூடும் துணியைக் கண்ணாடிக்கு வெளியே போடுங்கள். உள்ளே வைக்கும் வெள்ளித்தாள் தடுப்பு பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியோடு ஒட்டி நின்றால், நடுவில் சிக்கும் சூடு கண்ணாடியையே கெடுத்துவிடும். மதியம் கிளம்பும்போது கதவு இரண்டையும் திறந்து கொஞ்ச நேரம் ஆறவிட்டு, என்ஜின் ஓடிக் காற்று வந்த பிறகு ஏவியானிக்ஸ் சுவிட்சைப் போடுங்கள்.

கருவியைப் பட்டறைக்கு அனுப்பும்போது சீட்டில் ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்புவது வீண் செலவு. குளிர்ந்த பட்டறை மேஜையில் அது நன்றாகவே ஓடும். ‘பழுது இல்லை’ என்று திரும்பி வரும். எந்த வெப்பநிலையில், சுவிட்ச் போட்டு எத்தனை நிமிடத்தில், என்ன மின்னழுத்தத்தில் பழுது வந்தது, ஆறியதும் திரும்பியதா, லேபிளில் எந்தக் கட்டம் கறுத்தது என்று எழுதுங்கள். கறையின் படத்தையும் சேர்த்து வையுங்கள். திரும்பி வரும் கருவியோடு சிஏ ஃபார்ம் 1 என்ற பட்டறைச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் உள்ள சீரியல் எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.